தெரிந்தவர் வந்து சொன்னால்

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. இன்னொரு டீக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்து, ஆஸ்பத்திரி படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிற நேரத்தில் டாக்டர் ஒருநாள், "புதுசா ஒரு டிரையல் இருக்கு, சேர்ந்துக்கிறீங்களா?" என்று கேட்கிறார். கேட்ட மாத்திரத்தில் குடும்பத்தில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "நம்மள சோதனை எலி ஆக்கப் பாக்குறாங்க." அத்தோடு பேச்சு நின்றுவிடும். அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் அந்தக் காரணம் நாற்பது வருஷம் நடந்தது. அந்தப் பயத்தோடு நேர்மையாகப் பேசுவது எப்படி என்று கற்றுக்கொண்டதும் அதே அலபாமாவில்தான். அந்த இரண்டையும் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் டிரையல் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம்.

ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிடமும் தேறிய மருந்து, மனிதர்களிடம் மூன்று கட்டம் தாண்ட வேண்டும். முதல் கட்டத்தில் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள். உடம்பு எவ்வளவு மருந்தைத் தாங்கும், என்னென்ன பக்கவிளைவு வரும் என்பதுதான் அங்கே கேள்வி. நோய் குறையுமா என்பது அதற்கு அப்புறம். இதை மறைக்காமல் சொல்லித்தான் ஆளைச் சேர்க்க வேண்டும். முதல் கட்டத்தில் சேர்கிறவருக்குப் பலன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், பின்னால் வருகிறவர்களுக்கு நிச்சயம் ஒரு தகவல் கிடைக்கும். இரண்டாம் கட்டத்தில் இன்ன புற்றுநோய்க்கு இந்த மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்கள். மூன்றாவதில் நூற்றுக்கணக்கானவர்கள், சிலசமயம் ஆயிரக்கணக்கானவர்கள் இருப்பார்கள். இன்றைக்கு வழக்கத்தில் உள்ள சிகிச்சை ஒரு பக்கம், புதியது மறு பக்கம். யாருக்கு எது என்பது டாக்டர் கையில் இல்லை. சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி கம்ப்யூட்டர் முடிவு செய்யும். டாக்டர் இஷ்டத்துக்கு விட்டால், தெம்பாக இருப்பவர்களைப் புது மருந்துக்கும் தளர்ந்தவர்களைப் பழைய மருந்துக்கும் அனுப்பத் தோன்றும். அப்புறம் பலன் தந்தது மருந்தா, நோயாளியின் தெம்பா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"சும்மா சர்க்கரை மாத்திரையைக் கொடுத்து ஏமாத்திட்டா?" என்று கேட்பீர்கள். பலன் தருகிற சிகிச்சை ஏற்கெனவே உள்ள இடத்தில், அதை நிறுத்திவிட்டு வெறும் மாத்திரை கொடுப்பதை, டிரையலைக் கண்காணிக்கிற அறநெறிக் குழு ஏற்காது. அப்படிப்பட்ட மாத்திரை பெரும்பாலும் வழக்கமான சிகிச்சையோடு கூடுதலாகத்தான் வரும். அப்படி ஒன்று உண்டு என்பதும் நீங்கள் கையெழுத்துப் போடுகிற சம்மதப் படிவத்தில் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும்.

டிரையல் என்றாலே புது மருந்து என்றும் இல்லை. மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியில் வாய்ப் புற்றுநோய்க்கு ஒரு டிரையல் நடந்தது. ஆரம்ப நிலையில் வாயில் உள்ள கட்டியை எடுக்கும்போதே கழுத்து நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிடலாமா, அல்லது அங்கே பரவியது தெரிந்த பிறகு எடுத்தால் போதுமா? உலகத்து டாக்டர்கள் பல வருஷமாக வாதாடிய கேள்வி இது. 2015-இல் விடை வந்தது. முதலிலேயே எடுத்தவர்களில் மூன்று வருஷம் கழித்து உயிரோடிருந்தவர்கள் 80 சதவீதம். காத்திருந்து எடுத்தவர்களில் 67.5. இன்று வாய்ப் புற்றுநோய்க்குக் கத்தி எடுக்கும் எந்த டாக்டரும் அந்த முடிவைக் கணக்கில் வைக்காமல் இருக்க முடியாது. அதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர்கள் நம்மைப் போன்ற குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்தான்.

இனி, யார் சேர்கிறார்கள் என்பது ஏன் முக்கியம்? மல்ட்டிபிள் மைலோமா என்று எலும்பு மஜ்ஜையில் வருகிற ஒரு ரத்தப் புற்றுநோய். அமெரிக்காவில் வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவர்களுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாக வருகிறது. அந்த நோய்க்கான இக்ஸாசோமிப் என்கிற மருந்துக்கு 2015-இல் அங்கே அனுமதி கிடைத்தது. அதற்கு ஆதாரமாக இருந்த டிரையலில் 722 பேர் இருந்தார்கள். அதில் கறுப்பினத்தவர் 13 பேர். நோயை அதிகம் சுமக்கிறவர்களின் உடம்பில் மருந்து எப்படி நடந்துகொள்ளும் என்று 13 பேரை வைத்து என்ன சொல்ல முடியும்?

"அவங்க நம்பல, வரமாட்டேங்குறாங்க" என்றே அங்கே ரொம்ப காலம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜோசப் அங்கர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் பல ஆய்வுகளைத் திரட்டி 2021-இல் கணக்குப் பார்த்தார்கள். டிரையலில் சேர்கிறீர்களா என்று நேரில் கேட்கப்பட்ட புற்றுநோயாளிகளில் பாதிக்கு மேல் சரி என்றிருக்கிறார்கள். கறுப்பினத்தவர் 58 சதவீதம், வெள்ளையர் 55 சதவீதம். அந்த இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆக, கேட்டால் வருகிறார்கள். அவர்களிடம் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. டிரையல் நடக்கிற பெரிய ஆஸ்பத்திரி நூறு மைல் தள்ளி இருக்கிறது, அவர்கள் போகிற சின்ன ஆஸ்பத்திரியில் டிரையலே இல்லை, வேறு வியாதியும் இருப்பதால் பட்டியலிலிருந்து பெயர் விழுந்துவிடுகிறது, "இவருக்குச் சொன்னால் புரியாது" என்று டாக்டரே முடிவு செய்துவிடுகிறார். இந்தக் கடைசிக் காரணம்தான் எனக்கு மிகவும் வலிக்கிறது. சொல்லிப் பார்க்காமலே ஒருவருக்குப் புரியாது என்று முடிவு கட்டுவது அவர் உயிர் சம்பந்தப்பட்ட முடிவை நாம் எடுத்துவிடுவதாகும்.

அவநம்பிக்கையே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறது, அது நியாயமானதும்கூட. அலபாமாவுக்குப் போவோம்.

1932. மேக்கன் கவுண்டி, டஸ்கிகீ ஊர். பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழுகிற ஏழைக் கறுப்பின ஆண்கள் அறுநூறு பேரை அமெரிக்கப் பொது சுகாதாரத் துறை ஓர் ஆய்வில் சேர்த்தது. 399 பேருக்கு மேகநோய், அதாவது சிபிலிஸ், ஏற்கெனவே இருந்தது. 201 பேருக்கு இல்லை. நோயை ஊசியில் ஏற்றினார்கள் என்று பலர் சொல்வது தவறு. உண்மையில் நடந்ததே போதுமான கொடுமை. நோய் இருப்பதைச் சொல்லாமல், "கெட்ட ரத்தம்" என்றார்கள். இலவச வைத்தியம் என்றார்கள். முதுகுத் தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்ததை விசேஷ சிகிச்சை என்று கடிதம் போட்டு வரவழைத்தார்கள். வைத்தியம் செய்யாமல் விட்டால் இந்த நோய் மனிதனை எப்படியெல்லாம் அழிக்கும் என்று பார்ப்பதே நோக்கம். 1940-களின் பிற்பாதியில் பென்சிலின் ஊரெல்லாம் கிடைத்தபோதும் அவர்களுக்குத் தரவில்லை. பீட்டர் பக்ஸ்டன் என்ற ஊழியர் துறைக்குள்ளேயே ஆட்சேபம் எழுப்பி, கேட்பார் இல்லாமல் கடைசியில் பத்திரிகையிடம் போனார். 1972 ஜூலையில் ஜீன் ஹெல்லர் எழுதிய செய்தி வெளிவந்த பிறகே அது நின்றது. 1997-இல் அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டார்.

இது பலருக்குத் தெரிந்த கதை. நான் சொல்ல வருவது இதற்குள் இருக்கிற ஒரு பெண்மணியைப் பற்றி. யூனிஸ் ரிவர்ஸ் என்ற நர்ஸ். அவரும் கறுப்பினத்தவர், டஸ்கிகீயிலேயே நர்ஸிங் படித்தவர். டாக்டர்கள் வருவார்கள், போவார்கள்; ஆய்வு தொடங்கியதிலிருந்து கூடவே இருந்தவர் அவர்தான். பரிசோதனை நாளில் தன் காரில் போய் ஆண்களை ஏற்றிக்கொண்டு வருவார். வழியெல்லாம் குடும்பக் கதை பேசுவார். வீட்டுக்குப் போனால் யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தப் பிள்ளை எங்கே வேலைக்குப் போயிருக்கிறான் என்று பெயர் சொல்லி விசாரிப்பார். ஏழைகளுக்கு அடக்கச் செலவு பெரிய கவலை. மில்பேங்க் நிதியம் அந்தச் செலவுக்குப் பணம் தந்தது, பதிலுக்குப் பிணப் பரிசோதனைக்குக் குடும்பம் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதத்தை வீட்டு வாசலில் நின்று வாங்கியதும் அவர்தான். இருபத்தைந்தாம் வருஷம், 1958-இல், ஆளுக்கொரு சான்றிதழும் வருஷத்துக்கு ஒரு டாலர் வீதம் இருபத்தைந்து டாலரும் கொடுத்தார்கள். இத்தனை வருஷம் ஆட்களை எப்படி விடாமல் வைத்திருந்தோம் என்று 1953-இல் மருத்துவ இதழில் ஒரு கட்டுரையே வந்தது. முதல் பெயர் ரிவர்ஸுடையது.

ஊர்க்காரர், நம் நிறம், நம் பேச்சு, நம் வீட்டுக் கஷ்டம் தெரிந்தவர், வண்டி வைத்துக் கூட்டிப் போகிறவர். "சமூகத்தோடு கைகோத்து மக்களிடம் போக வேண்டும்" என்று இன்று மாநாடுகளில் சொல்கிற எல்லாமே டஸ்கிகீயில் இருந்தது. பள்ளிக்கூடம் இருந்தது, தேவாலயம் இருந்தது, கறுப்பின ஆஸ்பத்திரி இருந்தது. இல்லாதது ஒன்றுதான்: உண்மை. அதனால்தான், தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலை வருகிறது. தெரிந்தவர் வந்து சொன்னால் ஊர் கேட்கும். பொய்யைச் சொன்னாலும் கேட்கும். ஆகவே அந்தத் தெரிந்தவர் கையில் முழு விவரமும் இருக்கிறதா, "வேண்டாம்" என்று சொல்ல நமக்கு இடம் கொடுக்க அவருக்கு உரிமை இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதே மாநிலத்தில் 2000-இல் ஒரு வேலை ஆரம்பித்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் நிதியில், பர்மிங்ஹாமில் உள்ள அலபாமா பல்கலைக்கழகத்தின் டாக்டர்கள் எட்வர்ட் பார்ட்ரிட்ஜ், மோனா ஃபவாத் முதலானோர் 'டீப் சவுத் நெட்வொர்க்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அலபாமாவின் கரிசல் பகுதி, மிசிசிப்பியின் டெல்டா பகுதி, இவைதான் முக்கியக் களம். ஏழ்மையும் புற்றுநோய்ச் சாவும் அதிகம் உள்ள இடங்கள். அவர்கள் வெளியிலிருந்து ஆள் எடுக்கவில்லை. ஊரில், "உங்களுக்கு ஒரு கஷ்டம் என்றால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?" என்று விசாரித்தார்கள். எல்லா ஊரிலும் அப்படிச் சிலர் இருப்பார்கள் இல்லையா, தேவாலயத்தில் சமையல் பார்க்கிற அக்கா, ஓய்வுபெற்ற டீச்சர், முடி அலங்காரக் கடை வைத்திருப்பவர். அப்படிப் பெயர் சொல்லப்பட்டவர்களை அழைத்து, புற்றுநோய் என்றால் என்ன, எப்போது மார்பகப் பரிசோதனை, டிரையல் என்றால் என்ன, மறுக்கிற உரிமை என்ன என்று பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுக்கு வைத்த பெயரிலேயே, சுகாதார ஆலோசகர் என்பதோடு ஆராய்ச்சியில் பங்காளி என்பதும் இருந்தது. ஆளைச் சேர்த்து விடுகிற தரகராக இல்லாமல், இந்த ஊருக்கு எந்த ஆய்வு தேவை, எது வேண்டாம் என்று பேச்சில் உட்காருகிறவராக.

பயம் பேசித் தீர்ந்த பிறகும் வண்டிச் செலவு இருக்கிறது. கீமோவுக்கு வாரம் ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி போச்சு. பேரப்பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? ஃபவாத் குழுவினர் இதற்கென்று ஊர்க்காரர்களிலேயே சிலரை நோயாளியின் துணையாளாக வைத்தார்கள். ஆஸ்பத்திரி தேதியை ஞாபகப்படுத்துவது, வண்டி ஏற்பாடு செய்வது, டாக்டர் சொன்னதை மறுபடி நிதானமாகச் சொல்வது, கேட்க மறந்த கேள்வியைக் கூட நின்று கேட்பது. பர்மிங்ஹாம் புற்றுநோய் மையத்தில் 2007 முதல் 2014 வரை இந்த ஏற்பாடு நடந்தது. டிரையல்களில் கறுப்பினத்தவர் பங்கு 9 சதவீதத்திலிருந்து 16 ஆனது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு ஒரு கணக்கு. துணையாள் இருந்தவர்களில் 74.5 சதவீதம் பேர் டிரையலைக் கடைசிவரை முடித்தார்கள். துணையாள் இல்லாதவர்களில் 37.5 சதவீதம் பேர்தான். ஏறக்குறையப் பாதி.

சட்டமும் மெதுவாகப் பின்னால் வந்தது. டிரையலில் சேர்கிறவரின் வழக்கமான சிகிச்சைச் செலவை, ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்ட் எல்லா மாநிலத்திலும் ஏற்க வேண்டும் என்பது 2022 ஜனவரியில்தான் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை பல மாநிலங்களில் ஏழைக்குக் கதவு சாத்தியே இருந்தது. பணக்கார நாடு என்பதால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

நம் பக்கத்திலும் ஒன்று நடந்திருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காக ஒரு பெரிய டிரையல் தொடங்கியது. அம்பிளிக்கை கிறிஸ்தவ சகோதரத்துவ சமுதாய சுகாதார மையமும், பிரான்சின் லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் அதில் இருந்தன. ஊர்களை 114 தொகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் 57 தொகுதிகளில் பரிசோதனை. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள். பயிற்சி பெற்ற நர்ஸ் கர்ப்பப்பை வாயில் வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்ப்பார்; ஒரு நிமிஷத்தில் வெண்மையாக மாறுகிற இடம் சந்தேகத்துக்குரியது. ஆய்வுக்கூடம் வேண்டாம், பெரிய மெஷின் வேண்டாம், தகுந்தவர்களுக்கு உறைய வைக்கும் சிகிச்சையும் பெரும்பாலும் அதே வருகையில். அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் 31,343 பேர் வந்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு கிராமத்துப் பெண் உடம்பில் நோவே இல்லாமல் இந்தப் பரிசோதனைக்குப் படுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். பரிசோதனை நடந்த தொகுதிகளில் அந்தப் புற்றுநோயால் வந்த சாவு 35 சதவீதம் குறைந்தது. அந்த முடிவு 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

மறுபாதியையும் சொல்லாவிட்டால் நான் டஸ்கிகீயைப் பற்றிப் பேசியதற்கு அர்த்தமில்லை. மற்ற 57 தொகுதிகளில் 30,958 பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஊரில் வழக்கமாகக் கிடைத்தது மட்டும்தான், அதாவது பரிசோதனை ஏதும் இல்லை. திண்டுக்கல், மும்பை, மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் என மூன்று இடங்களில் நடந்த இப்படிப்பட்ட டிரையல்களைப் பற்றி, பலன் தரும் பரிசோதனை உலகத்தில் இருக்கும்போது ஒரு பாதிப் பெண்களை அது இல்லாமல் விடலாமா என்று இந்திய மருத்துவ அறநெறி இதழிலேயே விமர்சனம் எழுந்தது. நடத்தியவர்கள், நாட்டில் அன்று இருந்த நிலையோடு ஒப்பிட்டால்தான் அரசுக்குச் சொல்ல முடியும் என்றார்கள். அந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனாலும், "இப்படி ஒரு பரிசோதனை இருக்கிறது" என்ற சேதி அந்தப் பெண்களுக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பதே என் கட்சி. சேதியைக் கொடுப்பதற்கு ஆய்வு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

சரி, நாளைக்கு உங்கள் வீட்டில் ஒருவரிடம் இந்தக் கேள்வி வருகிறது என்று வையுங்கள். ஒரு படிவம் தருவார்கள், பக்கம் பக்கமாக இருக்கும். அவசரப்பட வேண்டாம், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கலாமா என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிகிற மொழியில் அது இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருந்து வாசித்துக் கேட்க வேண்டும். எந்தக் கட்டம் என்று பாருங்கள். சேராவிட்டால் என்ன சிகிச்சை கிடைக்கும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். நான் முதலில் தேடுவது அந்தப் பத்தியைத்தான். எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது என்ற வரி இருக்க வேண்டும். டிரையலால் உடம்புக்குக் கேடு வந்தால் வைத்தியம் டிரையல் நடத்துகிறவர்கள் செலவு. நஷ்ட ஈட்டுக்கும் 2019-இல் வந்த இந்திய விதிகளில் இடமுண்டு. இந்தியாவில் நடக்கிற டிரையல்கள் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும், 2009-இலிருந்து அது கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்தால் போனிலேயே தேடிக் காட்டுவார்கள். போக்குவரத்துச் செலவு தருவார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அது பிச்சை கேட்பதாகாது.

இதையெல்லாம் தனியாக ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கேட்க யாருக்கும் தைரியம் வராது. அங்கேதான் அலபாமா கற்றுக்கொண்டது நமக்கு உதவும். நம் தெருவிலும் வீடு வீடாக ஏறி இறங்குகிற கிராம சுகாதார நர்ஸ் இருக்கிறார், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர் மாத்திரை கொண்டுவந்து தருகிற பெண்கள் இருக்கிறார்கள், மகளிர் சுயஉதவிக் குழு இருக்கிறது. இவர்களுக்கு டிரையல் பற்றிச் சொல்லிக்கொடுத்தால் ஊருக்கே சொல்லிக்கொடுத்ததாகும். ஆனால் ஆளைச் சேர்த்தால் தலைக்கு இவ்வளவு என்று காசு வைத்துவிடக் கூடாது. அப்படி வைத்த நாளிலிருந்து அந்த அக்காவின் பேச்சை ஊர் வேறு மாதிரிக் கேட்க ஆரம்பித்துவிடும், கேட்பதும் சரிதான். டிரையல் முடிந்து ஆய்வாளர்கள் மூட்டை கட்டிய பிறகு, "என்ன முடிவு வந்துச்சு?" என்று ஊர் அவரைத்தான் கேட்கும். அந்தப் பதிலை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போகிற பொறுப்பையும் ஆரம்பத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஒன்று. அந்தப் படிவத்தில் இரண்டு போன் நம்பர் இருக்கும். ஒன்று ஆய்வு நடத்துகிற டாக்டருடையது. மற்றது அறநெறிக் குழுவினுடையது. அந்தக் குழுவில் டாக்டர் அல்லாத ஒரு பொதுஜனமும் சட்டம் தெரிந்த ஒருவரும் இருந்தாக வேண்டும் என்பது விதி. ஏதாவது சந்தேகம், மனக்குறை என்றால் டாக்டரைத் தாண்டிப் பேசுவதற்கு வைத்திருக்கிற எண் அது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே அந்த இரண்டாவது நம்பருக்கு ஒருமுறை போன் போட்டுப் பாருங்கள்.